தாளாளர் நாற்காலி

திருநெல்வேலிச் சீமையில் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் ஒரு பெயர்ப்பலகை அடிக்கடி படும். 'டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளி' என்று இருக்கும். கீழே ஊர்ப் பெயர். அந்த நான்கு எழுத்துக்கு விரிவு கேட்டால், அங்கே படித்தவர்களே முழிப்பார்கள். நானும் முழித்தவன்தான். ஐந்தாம் வகுப்பு முடித்துப் பல வருஷம் கழித்து, எங்கள் ஊர் நிலப் பத்திரம் ஒன்றைப் புரட்டும்போதுதான் தெரிந்தது: டின்னவேலி டயோசீசன் டிரஸ்ட் அசோசியேஷன். கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் அது. நான் 'அ' எழுதிப் பழகிய ஓட்டுக் கட்டடம் சட்டத்தின் கணக்கில் ஒரு கம்பெனியின் சொத்து! 2003-இல் அந்த டயோசீஸ், அதாவது திருநெல்வேலித் திருமண்டலம், இரண்டாகப் பிரிந்து தூத்துக்குடி - நாசரேத் தனியாகப் போனது. அந்தப் பக்கத்துப் பலகைகளில் எழுத்து கூடி 'டி.என்.டி.டி.ஏ.' ஆனது.

எங்கள் ஊரில் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு வேப்பமரம். தென்மாவட்டப் புராட்டஸ்டன்ட்காரர்களுக்கு சர்ச் என்பது கோயில்தான்; போதகர், ஐயர். அந்த வேம்பில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அடித்தால் பள்ளிக்கூடம்; கோபுரத்து மணி அடித்தால் ஆராதனை. மழைக்காலத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேலே ஒழுகினால் பிள்ளைகளைக் கோயிலுக்குள் உட்கார வைப்பார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கிறிஸ்தவர்கள் இல்லை. காலை ஜெபம் முடிந்ததும் வேதப்பாட வகுப்பு. மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நீதிபோதனை. யாரும் அதை ஒரு பிரச்சினையாகப் பேசிக் கேட்டதில்லை.

நிலம் சங்கத்தின் பெயரில். கட்டடம் சபையார் காணிக்கை போட்டுக் கட்டியது. ஆசிரியர் சம்பளம் மாதாமாதம் கருவூலத்திலிருந்து வருகிறது, அதாவது எல்லாருடைய வரிப்பணத்திலிருந்தும். படிக்கிற பிள்ளைகள் ஊருக்குச் சொந்தம். அப்படியானால் பள்ளிக்கூடம் யாருடையது? தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பள்ளிகளைப் பற்றிய எல்லா வழக்கும், எல்லாப் பெருமையும், எல்லாப் புகாரும் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து முட்டுகின்றன. பதில் தேட, தாளாளர் என்கிற நாற்காலியைப் பார்த்தால் போதும்.

பகோடாவும் ரேந்தையும்

புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். மறு வருஷமே அங்கே பள்ளிக்கூடம் வந்துவிட்டது, பெண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். தாமதிக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. புராட்டஸ்டன்ட் மதத்தில் வேதத்தை அவரவரே வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவனை வைத்துக்கொண்டு சபை நடத்த முடியாது. ஆகவே சபை போன இடமெல்லாம் பள்ளியும் கூடவே போனது. அறப்பணி என்று இன்று மேடையில் சொல்கிறோம். அன்றைக்கு அது சபைக்கே தேவையான அடித்தளம்.

அரசுப் பணம் எப்போது உள்ளே வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவனும் மிஷனரி சுவார்ட்ஸும் சேர்ந்து தஞ்சை, ராமநாதபுரம், சிவகங்கை மூன்று இடங்களிலும் ஆங்கிலப் பள்ளிகள் நடத்தத் திட்டமிட்டார்கள். 1787-இல் கம்பெனியின் இயக்குநர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் வருஷத்துக்கு 250 பகோடா நாணயம் ஒதுக்கினார்கள். நடத்துவது மிஷன், காசு ஆட்சியாளருடையது. இன்று 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று பலகையில் எழுதுகிறோமே, அந்த ஏற்பாட்டின் முதல் ரசீது அதுதான்.

கிராமங்களில் கதை வேறு. அங்கே கம்பெனியும் இல்லை, பகோடாவும் இல்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஊருக்கு ஊர் உபதேசியார்களை அமர்த்தினார். பல ஊர்களில் உபதேசியாரே வாத்தியார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, சாயங்காலம் பெரியவர்களுக்கு ஜெபம். ஒரே ஆள், ஒரே கூரை. கிறிஸ்தவர்களாக மாறியவர்களை நிலக்காரர்கள் ஊரைவிட்டு விரட்டியபோது, நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். ஊரே சங்கத்தின் நிலத்தில் எழும்பியது. பள்ளிக்கூடமும் அதிலேயே எழும்பியது. இன்றைய நிர்வாகச் சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. பள்ளி தனி அமைப்பாகப் பிறக்கவே இல்லை. சபையின் ஒரு அறையாகப் பிறந்தது.

நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் செய்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1819-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த கணவரோடு வந்தவர். பெண்களுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி தொடங்கினார். கூட்டி வந்த பெண்களுக்குச் சோறு போடப் பணம் வேண்டுமே! ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் என்று நகரத்தில் சொல்வதைத் தெற்கே ரேந்தை என்போம், போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல். பெண்கள் பின்னிய ரேந்தையை ஐரோப்பியர் வாங்கினார்கள். அந்தக் காசில் பள்ளி ஓடியது. அடிமைகளாக இருந்த பெண்கள் அந்தக் காசைக் கொண்டு விடுதலையும் பெற்றார்கள். மார்த்தாவின் மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது ரேந்தையும் கூடப் போனது. பிள்ளையின் கையில் ஒரு தொழில், அதில் வரும் வருமானத்தில் அதே பிள்ளைக்குப் படிப்பு. சுயநிதி என்ற சொல்லுக்கு இதைவிட மரியாதையான பொருளை நான் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் பெயருக்குரிய பெண்மணி இந்தியாவில் காலே வைத்ததில்லை. சென்னையில் மிஷன் செயலராக இருந்தவரின் சகோதரி. இங்கிலாந்தில் இருந்தபடியே இங்கத்திய பெண்களின் நிலையைக் கேட்டறிந்து எழுதி வந்தவர். அவர் நினைவாகத் தோழிகள் திரட்டிய பணத்தில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1895-இல் அது கல்லூரியானது. கத்தோலிக்கர் பக்கத்தில், 1844-இல் புதுச்சேரியில் துபுயி என்ற குரு தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபை தொடங்கினார். தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்வதே அதன் வேலை. இரண்டு பக்கமும் முதலில் தேடியது ஆசிரியையைத்தான். கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொண்டார்கள்.

1854-இல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை இதையெல்லாம் ஒரு முறைக்குக் கொண்டுவந்தது. பொதுக்கல்வி சரியாகக் கொடு, உள்ளூரில் பொறுப்பான நிர்வாகம் வை, அரசு ஆய்வாளரை உள்ளே விடு, சிறிதளவாவது கட்டணம் வாங்கு. இவற்றுக்கு உடன்பட்டால் மானியம். மதப்பாடத்தைப் பற்றி ஆய்வாளர் கேட்கமாட்டார். மானியம் வாங்க வேண்டுமென்றால் துறைக்கு எழுத வேண்டும், துறை கேட்டால் பதில் போட வேண்டும். அப்படிக் கடிதப் போக்குவரத்து நடத்தியவர் 'கரஸ்பாண்டன்ட்'. தமிழில் தாளாளர் என்றோம். தாளை ஆள்கிறவர் என்று விளையாட்டாகப் பிரித்தாலும் தப்பில்லை. எழுத்தர் வேலையாக ஆரம்பித்த பதவி எப்படி ஒரு சிம்மாசனம் ஆனது என்பதுதான் மீதிக் கதை.

யார் உட்காருகிறார்கள்?

கத்தோலிக்கப் பள்ளியில் அதிகாரம் மேலிருந்து கீழே வரும். மறைமாவட்டப் பள்ளி என்றால் ஆயர். பங்குத்தந்தை பெரும்பாலும் தாளாளர். பல மறைமாவட்டங்களில் ஆர்.சி. பள்ளிகளுக்கென்று ஒரு கண்காணிப்பாளர் குருவும் இருப்பார். இயேசு சபை, சலேசியர், கன்னியர் சபைகள் நடத்தும் பள்ளி என்றால் அந்தந்தச் சபையின் மாநிலத் தலைவரோ தலைவியோ ஆளை அனுப்புவார்கள். சில வருஷத்தில் ஓர் உத்தரவு. ஃபாதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். தேர்தல் கிடையாது, பிரசாரம் கிடையாது. இதில் ஒரு ஒழுங்கு உண்டு. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நிர்வாகத்தில் குரல் குறைவு என்ற குறையும் உண்டு. நல்ல ஃபாதர் வந்தால் பள்ளி தழைக்கும். முன்கோபக்கார ஃபாதர் வந்தால், மாற்றல் வரட்டும் என்று ஸ்டாஃப் ரூமே மாதாவுக்கு நேர்ந்துகொள்ளும்.

1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 803-ஆம் பிரிவு, தகுந்த அதிகாரியின் இசைவு இல்லாமல் எந்தப் பள்ளியும் 'கத்தோலிக்கப் பள்ளி' என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. நம் ஊரில் 'செயின்ட்' என்று தொடங்கும் மெட்ரிக் பள்ளிகளில் கணிசமானவற்றுக்குத் திருச்சபையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உரிமையாளர் நெற்றியில் பட்டையடித்துக்கொண்டு ஆயுத பூஜைக்குப் பொரி கொடுப்பார். கான்வென்ட் ஆங்கிலம் என்ற நினைப்புக்காக ஒரு புனிதரை இரவல் வாங்கியிருப்பார், அவ்வளவுதான். புனிதர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், கதை நேர்மாறு. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி பல மிஷன்களின் சபைகள் சென்னையில் ஒன்றாக இணைந்தபோது, சபை மக்களுக்கு நிர்வாகத்தில் பெரும் பங்கு கொடுத்தார்கள். சபையார் வாக்களித்துச் சேகரக் கமிட்டி (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகள் சேர்ந்தது சேகரம்), அங்கிருந்து திருமண்டலப் பெருமன்றம், அதிலிருந்து லே செயலர், பொருளாளர், நிர்வாகக் குழு என்று ஏணி மேலே போகும். திருநெல்வேலி போன்ற பெரிய திருமண்டலங்களில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு ஒரு மேலாளர், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு மேலாளர், ஊர்ப் பள்ளிக்குச் சேகர குருவானவர் என்று அடுக்கு இருக்கும். பேராயர் மேலே இருந்தாலும் கமிட்டி ஒப்பாமல் எதுவும் நகராது. காகிதத்தில் பார்த்தால் ஆசியாவிலேயே அழகான ஜனநாயகம்.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆகியவற்றின் பள்ளிகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான். மூன்றாவதாக ஒரு வகை உண்டு: தனியாக மத ஊழியம் செய்யும் ஒருவர், மனைவி, மகன், மைத்துனர் சேர்ந்து ஒரு டிரஸ்ட். அங்கே நிர்வாகம் சாப்பாட்டு மேசையில் நடக்கும். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

முப்பதாவது பிரிவு கொடுத்ததும் கொடுக்காததும்

மத, மொழிச் சிறுபான்மையினர் தமக்கு விருப்பமான கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 6 பேர் சொச்சம். நிர்வாகக் குழுவைத் தேர்ந்துகொள்வது, ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் நியமிப்பது, மாணவரைச் சேர்ப்பது, நியாயமான கட்டணம் வைப்பது, சொத்தைப் பள்ளியின் நன்மைக்குப் பயன்படுத்துவது என்று அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் பகுத்துச் சொல்லியிருக்கிறது. 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில் 11 நீதிபதிகள் உட்கார்ந்து இதைப் பேசினார்கள். 2014-இல் பிரமதி வழக்கில், கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. அதனால் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீடு இங்கே கிடையாது.

கெட்ட நிர்வாகம் செய்யும் உரிமையை அந்தப் பிரிவு தரவில்லை என்பதையும் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, கட்டடப் பாதுகாப்பு, சுகாதாரம் எல்லாவற்றுக்கும் அரசு விதி போடலாம். அரசு உதவி வாங்கும் பள்ளியில் மதத்தையோ சாதியையோ காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. 28(3) பிரிவுப்படி சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையை மதப்பாடத்தில் உட்கார வைக்கவும் முடியாது. எங்கள் ஊர் நீதிபோதனை வகுப்புக்கு இத்தனை பெரிய சட்டப் பின்புலம் உண்டு என்பது எங்களுக்கு நீதிபோதனை சொன்ன டீச்சருக்கே தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கான பழைய சட்டம் 1973-இல் வந்தது. 2018-இல் இயற்றிய புதுச் சட்டம் 2023 ஜனவரியில் விதிகளோடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இடையில் 1991-92 கல்வியாண்டு ஒரு பெரிய கோடு. அதற்குப் பிறகு தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு ஒரு சபை பள்ளி தொடங்கினால் அது சுயநிதிப் பள்ளிதான். டிரஸ்டோ சங்கமோ பதிய வேண்டும். கிராமப் பஞ்சாயத்து என்றால் 3 ஏக்கர் காட்ட வேண்டும். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் கையில் இருக்க வேண்டும். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் கீற்றுக் கொட்டகை எரிந்து 94 பிள்ளைகள் மாண்ட பிறகு இந்தக் கெடுபிடி இறுகியது. இறுகத்தான் வேண்டும். கட்டணத்தையும் 2009 சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கும். சிறுபான்மைப் பள்ளி என்று விலக்கு கேட்க முடியாது.

இப்படிப் பார்த்தால் உபதேசியார் ஓலைச்சுவடியோடு திண்ணையில் உட்கார்ந்து தொடங்கியது போல் இனி ஒரு பள்ளி தொடங்க முடியாது. பணம் உள்ள சபைதான் தொடங்கும். பணம் கட்டக்கூடிய பிள்ளைதான் படிக்கும்.

ஒரு காலிப்பணியிடம்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். இடம் காலி. அரசுப் பள்ளியாக இருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியம், போட்டித் தேர்வு, 69 சதவீத இட ஒதுக்கீட்டு வரிசை என்று ஒரு பாதை இருக்கிறது. இங்கே அந்த வாரியம் இல்லை. இட ஒதுக்கீட்டுச் சுழற்சி இல்லை. தகுதித் தேர்வான டெட்டிலிருந்தும் சிறுபான்மைப் பள்ளிகள் இதுவரை விலகியே நிற்கின்றன. அந்த நிர்வாகத்தின் வேறு பள்ளியில் உபரி ஆசிரியர் யாரும் இல்லையென்றால் புதியவரை நியமிக்கலாம். நியமிப்பவர் தாளாளர். கல்வி அலுவலகம் ஒப்புதல் கொடுத்ததும் அரசுச் சம்பளம், ஓய்வு பெறும் வயது வரை.

இதை மெதுவாக இன்னொரு முறை வாசியுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு சம்பளம் கொடுக்கப்போகிற ஒரு வேலை. அதற்கு ஆள் எடுக்கும் முழு அதிகாரம் ஒரு குழுவின் கையில், ஒரு நாற்காலியின் கையெழுத்தில். பொதுத் தேர்வு கிடையாது. மதிப்பெண் பட்டியலை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தூத்துக்குடி மணப்பாடாக இருந்தாலும் சரி, திருவள்ளூர் கிராமமாக இருந்தாலும் சரி, படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் நிறைந்த நாட்டில் அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை மதிப்பு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்திலேயே அது நடந்தது. பி.எட். முடித்த உறவுக்காரப் பெண் ஒருத்தி. ஊர்ப் பெயரும் திருமண்டலமும் வேண்டாம். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று கேள்வி: எந்தச் சேகரம், அப்பா பெயர் என்ன, கடந்த தேர்தலில் உங்கள் வீட்டில் எந்த அணி. பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. வெளியே வந்த பிறகு வராந்தாவில் ஒருவர் அவள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, 'பில்டிங் ஃபண்டு' என்று ஆரம்பித்தார். அப்பா காபி கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். அந்தப் பெண் பிறகு அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போனாள். இன்று நல்ல கணக்கு டீச்சர் என்று பெயர். நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள்.

சி.எஸ்.ஐ. திருமண்டலத் தேர்தல் ஏன் சட்டமன்றத் தேர்தல் மாதிரி போஸ்டரும் காரும் விருந்துமாக நடக்கிறது என்பதற்கு ஆன்மிக விளக்கம் தேட வேண்டாம். ஆராதனை ஒழுங்கை மாற்றுவதற்காக யாரும் அவ்வளவு செலவழிக்க மாட்டார்கள். பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையும் நிலமும்தான் பந்தயம். தோற்ற அணி நீதிமன்றம் போகும். ஜெயித்த அணி மேல்முறையீடு போகும். ஓய்வுபெற்ற நீதிபதியை நிர்வாகியாக நீதிமன்றமே அமர்த்தும் அளவுக்குச் சில திருமண்டலங்களில் சண்டை முற்றியது. அப்படியான மாதங்களில் தாளாளர் யார் என்று தெரியாமல், கையெழுத்துப் போட ஆள் இல்லாமல், பள்ளிக் கோப்புகள் மேசையில் கிடக்கும்.

கத்தோலிக்க ஏற்பாட்டில் தேர்தல் கூத்து இல்லை. ஆனால் அங்கேயும் நியமனம் மூடிய கதவுக்குள்தான். தலித் கிறிஸ்தவர்கள் இரண்டு திருச்சபைகளிடமும் நெடுநாளாக வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: பங்கு மக்களில் நாங்கள் இத்தனை பேர், உங்கள் பள்ளிகளில் ஆசிரியர்களாக எத்தனை பேர்? தலித்தாக இருந்து கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் இனச் சலுகை இல்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சொந்தத் திருச்சபையின் பள்ளியிலும் இட ஒதுக்கீட்டு வரிசை இல்லை. அவர் எங்கே போவார்? சிறுபான்மை உரிமை என்பது சிறுபான்மைக்குள் இருக்கும் சிறியவனுக்கும் சேர்த்துத்தான் என்று நான் நினைக்கிறேன்.

நிர்வாகங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நேர்மையாக ஆள் எடுத்தாலும் ஒப்புதல் வருஷக்கணக்கில் வராது. கோப்பில் ஒரு குறிப்பு, அதற்கு விளக்கம், விளக்கத்துக்கு இன்னொரு குறிப்பு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் போட்டுத்தான் பல ஒப்புதல் வந்திருக்கிறது. அதுவரை அந்த ஆசிரியர் 'மேனேஜ்மென்ட் டீச்சர்' என்ற பெயரில், நிர்வாகம் கொடுக்கும் சொற்பக் காசில் பாடம் எடுப்பார். கரன்ட் பில், கழிவறை, சுற்றுச்சுவர், ஓடு மாற்றுவது எல்லாம் சபையின் தலையில். மானியத்தில் பெரும்பகுதி சம்பளம்தான். ஊர்ச் சபையில் பெண்கள் சமைக்கும்போது ஒதுக்கி வைத்த கைப்பிடி அரிசியை ஏலம் விட்டுப் பெஞ்சு வாங்கிய பள்ளிகள் இங்கே நிறைய. அந்த அரிசிக்கும் இந்த 'பில்டிங் ஃபண்டு'க்கும் இடையே எப்போது இவ்வளவு தூரம் விழுந்தது?

ஆகஸ்ட் 1

உதவி பெறும் பள்ளியின் உயிர் ஒரு தேதியில் இருக்கிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்று எண்ணித்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிப்பார்கள். தொடக்கப்பள்ளியில் 60 பேர் வரை 2 ஆசிரியர். எண்ணிக்கை சரிந்தால் ஒருவர் உபரி ஆவார்; வேறு ஊருக்குத் தூக்கி அடிப்பார்கள். ஆகவே மே மாத வெயிலில் டீச்சர்மார் குடையும் நோட்டுமாகத் தெருத்தெருவாகப் போவதைப் பார்க்கலாம். 'ஒங்க பேத்திய எங்ககிட்ட விடுங்க ஆச்சி' என்று வாசலில் நிற்பார்கள். பிள்ளைகளை அழைத்து வர ஆட்டோவுக்குச் சொந்தக் காசு கொடுக்கும் ஆசிரியர்களும் உண்டு. அந்த ஆட்டோவுக்கு முன்னால் மெட்ரிக் பள்ளி வேன் போய்க்கொண்டிருக்கும். சில ஊர்களில் அந்த வேனும் அதே திருமண்டலத்துடையதுதான்!

இந்த முரண்பாடு பல பள்ளிகளில் ஒரே வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பக்கம் உதவி பெறும் தமிழ்வழி, அந்தப் பக்கம் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழி. ஒரே மணி, ஒரே மைதானம், ஒரே தாளாளர். டைல்ஸ் எந்தப் பக்கம் போட்டிருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை.

அரசு தன் பங்குக்குக் கொஞ்சம் கை நீட்டியிருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் இருந்தது. 2024 ஜூலை 15-ஆம் தேதி, காமராஜர் பிறந்தநாளில், கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. தொடங்கிய இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளி. 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்துக்கும் விரிந்தது. அதுவும் மயிலாப்பூரில் புனித சூசையப்பர் பள்ளியில். ஆனால் மருத்துவக் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020-இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது. அதே ஏழை வீடு, அதே பாடப்புத்தகம். பலகை மட்டும் வேறு. இதைக் கேட்டுக்கொண்டே வரும் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் என்ன பதில் சொல்வார்?

இன்னொரு பக்கம் அரசு தன் பணத்துக்குக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. வறுமை வார்த்தைப்பாடு கொடுத்த அருட்சகோதரிகளும் குருக்களும் உதவி பெறும் பள்ளியில் வாங்கும் சம்பளத்தை அப்படியே சபைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தமக்கென்று ஒரு காசு இல்லை. பல பத்தாண்டுகளாக அவர்களிடம் வருமான வரி பிடிக்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது: சம்பளம் சம்பளம்தான், யாரிடம் கொடுத்தாலும் வரி பிடிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி டெட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், பிரமதி தீர்ப்பே சரிதானா என்று ஐயப்பட்டுப் பெரிய அமர்வுக்கு அனுப்பக் கேட்டிருக்கிறார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கான விலக்கின் கதவு தட்டப்பட்டுவிட்டது. திறந்தால் டெட் மட்டும் வராது. கட்டாயக் கல்விச் சட்டம் முழுவதும் உள்ளே வரலாம்.

உரிமை பறிபோகிறது என்று மேடை போட்டுப் பேச நிர்வாகங்கள் தயாராக இருக்கின்றன. பேசட்டும், 30-ஆம் பிரிவு காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் நியமனத்தை விற்றவர்கள் அந்த மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் வழக்கறிஞர் எவ்வளவு நன்றாக வாதாடினாலும் எடுபடாது. வெளியாரை வைத்து எழுத்துத் தேர்வு நடத்தி, மதிப்பெண் பட்டியலைக் கோயில் வாசல் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. நிர்வாகக் குழு ஒரு மாலைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் போதும். பங்குப் பேரவையோ பெருமன்றமோ அதைக் கேட்கலாம். ரேந்தை விற்றுப் பள்ளி நடத்தியவர்களின் வாரிசுகளுக்கு அது பெரிய காரியம் இல்லை.

அடுத்த திருமண்டலத் தேர்தலில் சால்வையும் துண்டறிக்கையுமாக உங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருவார்கள். காபி கொடுங்கள். கொடுத்துவிட்டு, போன தடவை உங்கள் அணி நியமித்த ஆசிரியர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.